காணாமல் போன படங்களும் ஒரு நாயும்

2024 பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பென்டிரைவ் என் கைக்கு வந்து சேர்ந்தது. கொடுத்தவர் எங்கள் தமிழாசிரியரின் மகள். ஐயா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஓய்வு பெற்ற பிறகு பஸ்ஸிலும் டிவிஎஸ் ஃபிஃப்டியிலுமாக அரூர், ஊத்தங்கரை சுற்றுவட்டாரம் முழுக்க அலைந்து, நடுகற்களைப் படம் எடுத்து, எழுத்து இருந்தவற்றை வாசித்து ஒரு புத்தகம் எழுதியிருந்தார். 2011-ல் இன்டிசைனில் பக்க வடிவமைப்பும் முடிந்துவிட்டது. அச்சுக்குப் போகும் நேரத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போக, எல்லாம் அப்படியே நின்றுபோனது.

"ஃபைல் திறக்குதுங்கண்ணா, படமெல்லாம் கூடத் தெரியுது. ஆனா பிரஸ்ல குடுத்தா, படம் இல்லீங்கம்மா, வெறும் நெழல்தான் இருக்குங்கறாங்க. கண்ணுக்குத் தெரியற படம் எப்படிங்கண்ணா இல்லாமப் போகும்?"

நியாயமான கேள்வி. அன்று ராத்திரி திறந்து பார்த்தேன். 212 பக்கம், 148 படம். லிங்க்ஸ் பேனலில் 57 படங்களுக்குப் பக்கத்தில் சிவப்புக் கேள்விக்குறி. அந்த 57-ஐத் தேடிய கதையும், தேடும்போது நான் செய்த ஒரு பெரிய தப்பும்தான் இந்தக் கட்டுரை. பழைய மலர், ஆய்வு நூல், கோயில் வரலாறு என்று ஏதாவது ஒன்றை மறுபடி அச்சேற்ற நினைப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

தெரிவது படம் அல்ல

பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. 1985-ல் வந்த பேஜ்மேக்கர் காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. அன்றைய கணினிகளின் நினைவகத்துக்கு முழுப் படத்தையும் சுமப்பது முடியாத காரியம். அதனால் படம் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு, திரையில் காட்ட ஒரு சின்ன மாதிரிப் படத்தை, அதாவது ப்ரிவியூவை, வைத்துக்கொள்ளும். 1999-ல் வந்த இன்டிசைனும் அதே வழிதான். இன்றைக்கு நினைவகம் பிரச்சினை இல்லை என்றாலும் முறை மாறவில்லை. காரணம், ஃபோட்டோஷாப்பில் படத்தைத் திருத்தினால் புத்தகத்திலும் தானாக மாறும். அது பெரிய வசதி.

ஆக, திரையில் நீங்கள் பார்ப்பது ப்ரிவியூ. அச்சுக்கு வேண்டிய படம் வேறு எங்கோ இருக்கிறது. முகவரி சரியாக இருந்தால் பிடிஎஃப் எடுக்கும்போது அசல் படம் உள்ளே போகும். முகவரியில் ஆள் இல்லையென்றால் மென்பொருள் ஒருமுறை எச்சரிக்கும். பரவாயில்லை என்று தாண்டிவிட்டால் ப்ரிவியூவையே அச்சுக்கு அனுப்பிவிடும். பிரஸ்காரர் 'நிழல்' என்று சொன்னது இதைத்தான். சில பழைய நூல்களின் மறுபதிப்பில் படங்கள் மட்டும் கட்டம் கட்டமாகக் கலங்கித் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்விக்குறியையும் மஞ்சள் முக்கோணத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் படம் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் வைத்த பிறகு யாரோ அதைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். சிவப்புக் கேள்விக்குறி என்றால் அந்த முகவரியில் கோப்பே இல்லை.

முகவரி எப்படிப் பொய்க்கிறது

ஐயாவின் கோப்பில் மட்டுமே நாலு வகைக் காரணங்கள் இருந்தன.

முதலாவது, இடமாற்றம். வடிவமைத்த தம்பி மேக் கணினியில் வேலை செய்திருக்கிறார். அந்தக் கணினி இப்போது இல்லை. படங்களில் ஒரு பகுதி ஐயாவின் பழைய கணினிக்கு வந்து, அங்கிருந்து பென்டிரைவுக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது, ஃபோல்டர் பெயர் மாற்றம். ஐயா முதலில் எல்லாவற்றையும் 'தர்மபுரி' என்று ஒரே ஃபோல்டரில் போட்டிருந்தார். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. பிற்பாடு எப்போதோ உட்கார்ந்து ஊத்தங்கரைப் பக்கத்துப் படங்களை எல்லாம் புது ஃபோல்டருக்கு மாற்றியிருக்கிறார். அவர் வரையில் அது ஒழுங்கு. ஆவணத்துக்கு அது தெரியாதே.

மூன்றாவது, கோப்பின் பெயரையே மாற்றியது. கேமரா கொடுத்த எண்கள் புரியவில்லை என்று வீட்டில் யாரோ சில படங்களுக்கு ஊர்ப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான்காவது கொஞ்சம் நுட்பமானது, தமிழுக்கே உரியது. ஒரு ஃபோல்டரின் பெயர் 'தொறு'. ஆநிரைக்காக நடந்த பூசலில் இறந்த வீரர்களின் கற்களை ஐயா அதில் வைத்திருந்தார். யூனிகோடில் 'தொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். தகரத்தோடு ஒகரக் குறி என்று ஒரே குறியாக எழுதலாம். அல்லது கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறியாக எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு முதலாவது நாலு குறி கொண்ட சொல், இரண்டாவது ஐந்து குறி. அந்தக் கால மேக் கணினிகளின் கோப்பு முறை பெயர்களைப் பிரித்து வைக்கும் வழக்கம் உடையது. நம் விண்டோஸ் விசைப்பலகையில் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்துதான் வரும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லாப் பெயருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 'தொறு' ஃபோல்டர் என் கண் முன்னாலேயே இருந்தது, நிரல் மட்டும் இல்லை இல்லை என்று சாதித்தது. அரை நாள் போச்சு. ஒப்பிடும் முன் இரண்டு பெயரையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

நான் செய்த தப்பு

முதல் நாள் இரவு எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு படத்தை ரீலிங்க் செய்யும்போது, தொலைந்த மற்ற படங்களையும் இதே ஃபோல்டரில் தேடு என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தேன். ஒவ்வொரு ஃபோல்டராகக் காட்டினேன். கேள்விக்குறிகள் மளமளவென்று மறைந்தன. 57-ல் 44 கிடைத்துவிட்டது! மீதி 13 தானே என்று, பிடிஎஃப் எடுத்து ஐயாவின் மகளுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலை போன். "அண்ணா, 87-ஆம் பக்கத்துல நாய் எங்கீங்க?"

87-ஆம் பக்கத்தில் ஒரு புலிக்குத்திப்பட்டான் கல். வீரனின் வலப்பக்கம் சிறிய நாய் ஒன்று புலியின் பின்காலைக் கவ்வுகிறது என்று ஐயா படக்குறிப்பு எழுதியிருக்கிறார். படத்தில் வீரன் இருக்கிறான், புலி இருக்கிறது, நாய் இல்லை. அந்தக் கல்லைப் பார்க்க அப்பாவோடு சின்ன வயதில் போனதால் அவருக்கு நாய் ஞாபகம் இருந்தது. எனக்கு எப்படித் தெரியும்?

நடுகல்லில் நாய் இருப்பது சின்ன விஷயம் இல்லை. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவனுடைய நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பது வரை கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஐயா தன் நூலில் ஒரு பத்தி முழுக்க அந்தக் கல்லையும் இந்தக் கல்லையும் ஒப்பிட்டிருந்தார். தப்பான படத்தோடு நூல் வந்திருந்தால், படிக்கிறவர் என்ன நினைப்பார்? கிழவர் இல்லாத நாயைக் கற்பனை செய்திருக்கிறார் என்றுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்தவர் வந்து பதில் சொல்ல முடியுமா?

என்ன நடந்தது என்றால், இன்டிசைன் பெயரை மட்டுமே பார்த்துப் பொருத்துகிறது. டிஜிட்டல் கேமராக்கள் நாலு எழுத்து, நாலு இலக்கம் என்ற கட்டுக்குள்தான் கோப்புக்குப் பெயர் வைக்கும். 9999 வரை போனால் திரும்ப 0001. கேமராவின் எண்ணிக்கையை ரீசெட் செய்தாலும் திரும்ப 0001. ஐயாவிடம் 'டிஎஸ்சிஎன்0117' என்ற பெயரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று 2006-ல் அரூர்ப் பக்கம் எடுத்தது, இன்னொன்று 2008-ல் ஊத்தங்கரைப் பக்கம். இரண்டும் புலிக்குத்திக் கற்கள், இரண்டும் செங்குத்தாக எடுத்த படங்கள், ஒரே அளவு. சட்டகத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

தொலைந்த படத்தால் அவ்வளவு ஆபத்து இல்லை, அது கேள்விக்குறி போட்டுக் கூப்பிடும். தப்பாகக் கிடைத்த படம் சத்தமே போடாது.

ஆவணத்துக்குள் இருக்கும் சாட்சி

நல்லவேளை, அசல் கோப்பைத் தொடாமல் ஒரு நகலில்தான் இவ்வளவும் செய்திருந்தேன். இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன்.

இன்டிசைன் கோப்பை ஐடிஎம்எல் என்ற வடிவத்தில் ஏற்றுமதி செய்யலாம். 2008-ல் சிஎஸ்4 பதிப்போடு வந்த வடிவம் இது. பார்க்க ஒரே கோப்பு, உண்மையில் அது ஒரு ஜிப் பொட்டலம். பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். 'ஸ்ப்ரெட்ஸ்' என்ற ஃபோல்டரில் பக்கங்கள் இருக்கும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் 'லிங்க்' என்று ஒரு உறுப்பு. அதில் முழு முகவரி இருக்கிறது. தமிழ்ப் பெயர்கள் மட்டும் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு கிடக்கும், ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து. மிரள வேண்டாம், பைத்தானில் ஒரே வரியில் தமிழாக்கிவிடலாம்.

முகவரியோடு இன்னும் இரண்டு தகவல்கள் அங்கே இருக்கின்றன: படத்தைப் பக்கத்தில் வைத்தபோது கோப்பு எத்தனை பைட் இருந்தது, அதைக் கடைசியாகத் திருத்திய நேரம் என்ன. இவைதான் எனக்கு வேண்டிய சாட்சி. பெயரை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், பைட் எண்ணிக்கை மாறாது. கேமராவிலிருந்து வந்த இரண்டு ஜேபெக் படங்கள் பைட் பிசகாமல் ஒரே அளவு இருப்பது மிக அபூர்வம்.

ஆனால் புதுப் படத்துக்கு ரீலிங்க் செய்து சேமித்தால் இந்தத் தகவல்களும் புதுப் படத்துக்கு ஏற்ப மாறிவிடும். பழைய சாட்சி அழிந்துபோகும். அதனால்தான் அசலைத் தொடக் கூடாது என்கிறேன். ஆவணத்தைத் திறக்கும்போதே தொலைந்த லிங்க்கைத் தேடு என்று விருப்பத் தேர்வுகளில் ஒன்று உண்டு, அதையும் அணைத்துவிடுங்கள்.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். லிங்க்ஸ் பேனலின் பேனல் ஆப்ஷன்ஸில் அளவு, திருத்திய தேதி, முகவரி ஆகியவற்றை டிக் செய்தால் அங்கேயே தெரியும். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதுதான். விண்டோஸில் ப்ராப்பர்டீஸ் பார்க்கும்போது 'சைஸ்' என்பதைப் பாருங்கள், 'சைஸ் ஆன் டிஸ்க்' வேண்டாம். அது வேறு கணக்கு. 'எவ்ரிதிங்' என்ற இலவசத் தேடல் கருவியில் பெயர் இல்லாமல் அளவை மட்டும் கொடுத்தே தேடலாம்.

இரண்டாவது சுற்று

அசல் கோப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். 57 படங்களின் பெயர், பைட் அளவு, திருத்திய நேரம், பக்க எண் ஆகியவற்றை ஒரு எக்செல் தாளில் இறக்கினேன். கையில் கிடைத்த எல்லா டிஸ்க்கிலும் உள்ள படங்களை இன்னொரு தாளில். பிறகு இரண்டையும் பொருத்தினேன்.

பெயரை வைத்துக் கிடைத்த 44-ல் 35-க்கு அளவும் ஒத்துப்போனது. மீதி 9 ஒத்துப்போகவில்லை. அவற்றைக் கண்ணால் பார்த்தேன். 4 படங்கள் அதே படம்தான், பிற்பாடு வெளிச்சம் கூட்டியோ ஓரம் வெட்டியோ சேமித்தவை. படத்துக்குள் பதிந்திருந்த எடுத்த தேதியையும் ப்ரிவியூவையும் வைத்து உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆனால் 5 படங்கள் முற்றிலும் வேறு கற்கள்! நாயை மட்டும் மாற்றியிருந்தால் மீதி நாலு தப்பும் அச்சாகியிருக்கும்.

பெயரே கிடைக்காத 13, தப்பாகக் கிடைத்த 5, ஆக 18. பெயரை மறந்துவிட்டு அளவை மட்டும் வைத்துத் தேடினேன். 12 கிடைத்தது. எல்லாம் ஊர்ப்பெயர் வைத்துப் பெயர் மாற்றிய படங்கள், கிருஷ்ணகிரி ஃபோல்டருக்குக் குடிபோன படங்கள். நாயும் அங்கேதான் இருந்தது. உண்மையில் தெளிவான படம். சாய்ந்த வெயிலில் எடுத்ததால் நாயின் வால் வரைக்கும் புடைப்பு தெரிகிறது.

மீதி 6-ல் 4 படங்கள் ஐயாவின் பீரோவில் இருந்த ஒரு சிடியில் கிடைத்தன. சிடியின் மேல் 'மாசி 2007' என்று அவர் கையெழுத்து.

சில எச்சரிக்கைகள். சுருக்கப்படாத டிஃப் படங்களுக்கு இந்த அளவு வித்தை வேலை செய்யாது. ஒரே கேமராவில் எடுத்த எல்லா டிஃப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருக்கும். அங்கே தேதியைப் பாருங்கள். தேதியிலும் ஒன்றிரண்டு விநாடி வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம், பழைய ஃபேட் வகைப் பென்டிரைவுகள் நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒரு முறைதான் குறிக்கும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தது என்றால் பெயரும் போச்சு, அளவும் போச்சு, எடுத்த தேதியும் போச்சு. அனுப்பத்தான் வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்கிரைபஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் எளிது. அதன் கோப்பே எக்ஸ்எம்எல்தான், எதையும் பிரிக்க வேண்டாம், நோட்பேடில் திறந்தாலே முகவரிகள் தெரியும். லிப்ரெஆஃபிஸ் ரைட்டரில் பொதுவாகப் படம் ஆவணத்துக்குள்ளேயே போய்விடும். செருகும்போது 'லிங்க்' கட்டத்தை டிக் செய்திருந்தால் மட்டும் அங்கேயும் இதே கதை.

கிடைக்காத இரண்டு

கடைசியில் இரண்டு படங்கள் எங்கேயும் கிடைக்கவில்லை.

ஒரு கல் இன்னும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஐயாவின் மகளும் அரூர் தாண்டிப் போய், ஒரு மரவள்ளித் தோட்டத்து வரப்பில் அதைக் கண்டுபிடித்தோம். மஞ்சளும் குங்குமமும் பூசி வைத்திருந்தார்கள். புதிதாகப் படம் எடுத்து, எடுத்த வருடம் 2024 என்பதைப் படக்குறிப்பில் சேர்த்தோம்.

இன்னொரு கல் இப்போது அங்கே இல்லை. சாலை அகலப்படுத்தினபோது எடுத்துப் போட்டாங்க, அப்புறம் பார்க்கலைங்க என்றார் டீக்கடைக்காரர். அந்தக் கல்லுக்கு இப்போது மிச்சம் இருப்பது இன்டிசைன் கோப்புக்குள் இருக்கும் ப்ரிவியூ ஒன்றுதான். அந்தப் பக்கத்தை மட்டும் பிடிஎஃப் எடுத்து, அதிலிருந்து அந்த நிழலைப் பிரித்தேன். முழுப் பக்கத்துக்கு ஊதிப் பெரிதாக்கினால் ஒன்றும் தெரியாது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்தால் வீரனின் வில் தெரிகிறது. அப்படியே வைத்தோம். பக்கத்தில் ஐயா நோட்டில் கையால் படியெடுத்திருந்த வட்டெழுத்து வரிகள். அடியில் ஒரு குறிப்பு: மூலப் படம் கிடைக்கவில்லை, கல்லும் இப்போது இடத்தில் இல்லை. செயற்கை நுண்ணறிவில் போட்டுத் தெளிவாக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். தெளிவாகும், ஆனால் அது ஐயா பார்த்த கல்லாக இருக்காது. இல்லாத நாயைக்கூட வரைந்து கொடுத்துவிடும்.

இனி செய்ய வேண்டியது

வேலை முடிந்ததும் ஃபைல் மெனுவில் பேக்கேஜ் செய்யுங்கள். படங்கள், எழுத்துருக்கள், ஐடிஎம்எல், பிடிஎஃப் எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்ந்துவிடும். ஸ்கிரைபஸில் இதற்கு 'கலெக்ட் ஃபார் அவுட்புட்'. பிரஸ்காரரிடம் பிடிஎஃப்போடு இந்த ஃபோல்டரையும் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் வையுங்கள். காசு கொடுத்தது நீங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அதைவிட முக்கியம், படங்களைப் பக்கத்தில் வைக்கும் முன்பே பெயர் மாற்றிவிடுங்கள். ஊர், தேதி, வரிசை எண் போதும். 0117 என்ற பெயர் உலகத்தில் எத்தனை கேமராவில் இருக்கிறதோ!

நூல் ஆவணி மாதம் வந்தது. முதல் பிரதியை வாங்கியதும் ஐயாவின் மகள் நேராக 87-ஆம் பக்கத்தைத்தான் புரட்டினார். எதுவும் சொல்லவில்லை. விரலை வைத்து நாயைக் காட்டினார், அவ்வளவுதான்.